ஏழு பேய்களை அனுப்பியவன்

வைடென்பாக், 1571
சகல புனிதர் திருநாளுக்கு மறுநாள்

ரீட்பர்க் நகரத்து மரச்செதுக்குக்காரர் வெய்ட் ஹேஸ்லின் அவர்களுக்கு, வைடென்பாக் விடுதிக்காரர் மகள் அப்பொலோனியா எழுதுவது.

நேற்று ஒரு படக்கூடைக்காரன் எங்கள் விடுதி வாசலில் கூடையை இறக்கினான். பீர் கேட்டான். கொண்டுபோய் வைத்தேன். குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், மறுபடி என் முகத்தைப் பார்த்தான். "ஏம்மா, இது நீதானே?" என்று ஒரு தாளை உருவி மேசைமேல் விரித்தான்.

நான்தான். என் இரட்டைப் பின்னல், இடுப்பில் என் சாவிக்கொத்து, சின்ன வயதில் விழுந்து மோவாயில் வாங்கிய தழும்பு. ஒன்றையும் நீங்கள் விடவில்லை. என்னைத் தூணில் கட்டியிருக்கிறீர்கள். பாவாடை முழங்காலுக்கு மேலே கிடக்கிறது, நாக்கு வெளியே தொங்குகிறது. வாயிலிருந்து ஏழு பேய்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு பறக்கின்றன. மேகத்தில் மாதா. கீழே கொட்டை எழுத்தில், "வைடென்பாக் விடுதிக்காரன் மகள் அப்பொலோனியாவை விட்டு ஏழு பேய்கள் ஓடிய உண்மையான, பயங்கரமான செய்தி."

மாதா விண்ணேற்புத் திருநாளில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து ஒருசந்தி, வாயில் ஒன்றும் படவில்லை. அந்த வெயிலில் மாதா சுரூபத்தைப் பவனியில் தூக்கி வந்த பெண்களில் நானும் ஒருத்தி. கண் இருட்டியது, விழுந்தேன். பங்குச்சாமியார் முகத்தில் தீர்த்தம் தெளித்தார். என் தலையைத் தாங்கிப் பிடித்தது, படம் விற்க வந்திருந்த நீங்கள். "ஒண்ணுமில்ல, வெயில்தான், தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தை விலக்கியதும் நீங்கள். எழுந்து என் காலால் வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் விடுதி நிறைய ஆட்களுக்கு நானே பரிமாறினேன்.

வரப்போகும் தபசுகாலத்துக்கு முன்னால் எனக்கும் ஆலைக்காரர் மகன் உல்ரிக்குக்கும் கல்யாணம் என்று பேச்சு. சில வாரமாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. ஏன் என்று நேற்றுதான் புரிந்தது.

அந்தப் படத்தைச் செதுக்கிய அச்சுக்கட்டையை உடைத்துப் போடுங்கள். மிச்சமிருக்கும் தாள்களை எரித்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அப்பொலோனியா


ரீட்பர்க், 1571
புனித மார்ட்டின் திருநாள்

அப்பொலோனியா,

என்ன தீங்கு செய்தாய் என்று தெரியவில்லையா? அடித்தவளுக்கு மறந்துபோகும். அடிபட்டவனுக்கு மறக்குமா?

போன பாஸ்காத் திருநாளுக்கு மறுநாள் உன் அப்பாவிடம் வந்து உன்னைப் பெண் கேட்டேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். உன் பெயர்கொண்ட புனிதையின் படம் ஒன்றைச் செதுக்கி, வண்ணம் பூசிக் கொண்டு வந்திருந்தேன். உன் அப்பா நல்ல மனிதர், "அவளையே கேளுப்பா" என்றார். விடுதி முழுக்க ஆட்கள். நீ இரண்டு கையிலும் குவளைகளோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாய். "மூஞ்சியப் பாரு, பாதி செதுக்கிட்டு வேணாம்னு தூக்கிப் போட்ட கட்ட மாதிரி. இதுக்குப் பொண்டாட்டி ஒரு கேடா?" என்றாய்.

விடுதியே சிரித்தது. உன் உல்ரிக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "பாதிக்கட்டை வந்துட்டான்டா, படம் வாங்குங்க" என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட.

உங்கள் பங்குச்சாமியார்தான் வாசகம் எழுதிக் கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொள். நகரத்தில் லுத்தர்காரர்கள் மாதா கோயில்களைக் கேலி செய்கிறார்கள், நம் கோயிலிலும் ஒரு அற்புதம் நடந்தால்தான் ஜனங்கள் வருவார்கள் என்றார். யாரை வைத்து என்று கேட்டேன். "மயங்கி விழுந்தாளே, அவ போதும்" என்றார். பொதுவாக ஒரு பெண்ணைப் போட்டால் போதும், அடையாளம் வேண்டாம் என்றும் சொன்னார். பாவம், அவருக்கு அந்த அளவு இரக்கம் இருந்தது. உன் தழும்பு, உன் சாவிக்கொத்து, உன் பெயர் எல்லாம் என் கைங்கரியம்.

திங்கட்கிழமை மாதா படம் செதுக்குவேன். செவ்வாய்க்கிழமை லுத்தர்காரன் கேட்டால் போப்பாண்டவருக்குப் பன்றி மூக்கு வைத்துச் செதுக்குவேன். இரண்டும் எனக்குச் சோறு. எதையும் கோபத்தோடு செதுக்கியதில்லை. உன் படத்தை மட்டும் கோபத்தோடு செதுக்கினேன். அதனால்தான் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

என்னைப் பார்த்து ஒரு விடுதி சிரித்தது. உன்னைப் பார்த்து தன்யூப் நதிக்கரை முழுக்கச் சிரிக்கட்டும். பேரி மரக்கட்டை. லேசில் தேயாது.

வெய்ட்


வைடென்பாக், 1572
மெழுகுதிரித் திருநாள் கழிந்த வாரம்

வெய்ட் ஹேஸ்லின் அவர்களுக்கு,

நான் அன்று பேசியது கொழுப்புப் பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். பேசிய மறுநிமிடமே மறந்தும் போனேன், அதுவும் உண்மை. ஒரு வாய்ச்சொல்லுக்கு நீங்கள் வசூலித்தது என்ன என்று கேளுங்கள்.

உல்ரிக்கின் அம்மா மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். அவளே வரவில்லை. நான் கொடுத்த மோதிரத்தை அந்த ஆள் கையால் வாங்கவில்லை, துணியை விரித்து அதில் போடச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பசு செத்தது, என் பார்வை என்றார்கள். தெருவில் போனால் பிள்ளைகள் குதிரைச்சாணியை உருட்டி எறிந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஏழுவரை எண்ணுகிறார்கள். வண்டிக்காரர்கள் எங்கள் விடுதியைத் தாண்டிப்போய் அடுத்த ஊரில் தங்குகிறார்கள். என் அப்பா சாமியாரிடம் போய் அழுதார். "எல்லாம் மாதாவோட மகிமைக்குத்தான், பொறுத்துக்கோ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். அப்பா அதன்பிறகு யாரோடும் பேசுவதில்லை. என்னோடும்.

இதைச் சொல்லி உங்கள் மனதை இளக்கலாம் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். இப்போது வேறொன்று சொல்கிறேன்.

போன வாரம் பனியில் ஒரு பெண் வந்தாள். எங்கோ மலைப்பக்கத்து ஊர். தோளில் ஒரு பையன், வலிப்பு வரும் பிள்ளை. உங்கள் படத்தை நாலாக மடித்து மார்பில் செருகியிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் பனியிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். "ஏழு பேய் வெளிய வந்த வாய் இதுதானா தாயீ?" என்று என் உதட்டைத் தொட்டாள்.

கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவள் சொன்னாள், "அத்தனையும் ஓடுன வாயில இனிமே ஒண்ணும் அண்டாது. என் புள்ள மேல ஒரு ஊது ஊதும்மா."

ஊதினேன். பிள்ளை தூங்கினான். களைப்பில் தூங்கியிருப்பான். அவள் என் பாவாடை விளிம்பை முத்தமிட்டுவிட்டுப் போனாள். ஊரே சன்னல்வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் என்மேல் யாரும் சாணி எறியவில்லை.

கட்டையை உடைக்க வேண்டாம். இன்னும் அச்சடியுங்கள். நிறைய அச்சடியுங்கள்.

அப்பொலோனியா


ரீட்பர்க், 1572
விண்ணேற்றத் திருநாள் வாரம்

அப்பொலோனியா,

இது என்ன புது நாடகம்? சரி, நீ சொல்லாமலேயே அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாள் போதவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் என் படத்தைப் பார்த்து மட்டமான கட்டைகளில் திருட்டுப்படம் போடுகிறார்கள். அவற்றில் உனக்கு மீசை முளைத்ததுபோல் இருக்கும், வாங்காதே.

எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷமாகிறது. வண்ணம் பூசுகிறவர் மகள், பெயர் சபினா. பொறுமைசாலி. ஒரு வேடிக்கை கேள்: உன் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். பேய்களுக்குத் தன் கையாலேயே பச்சை வண்ணம் பூசியிருக்கிறாள். எங்களுக்குள் இருந்த பழைய கதை அவளுக்குத் தெரியாது. வைடென்பாக் போய் உன்னிடம் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நச்சரிக்கிறாள். இரண்டு கரு தங்கவில்லை, இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். "அங்கெல்லாம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

நன்றாக ஊதிக்கொண்டிரு. நான் செதுக்கியதால்தானே உனக்கு இந்தப் பிழைப்பு.

வெய்ட்


வைடென்பாக், 1572
மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மூன்றாம் நாள்

வெய்ட்,

இனி உனக்கு "நீ" போதும்.

இந்த வருஷம் திருநாளுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விடுதியில் இடமில்லாமல் வைக்கோல் போரிலும் படுத்தார்கள். மாதாவைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வருகிறார்கள். தலையில் கை வைக்கச் சொல்கிறார்கள், ரொட்டியை மந்திரித்துத் தரச் சொல்கிறார்கள். உல்ரிக் வந்தான். எனக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கூடவே அவன் புதுப் பெண்டாட்டி. அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். அவனைத் தொடவில்லை.

எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அனுப்புனது யாரு?" பேய் தானாக வராதாம், யாராவது ஏவினால்தான் வருமாம். இது இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் இதுவரை "தெரியாது" என்றே சொல்லி வந்தேன். சாமியாரும், "பேரு கீரு சொல்லி வம்புல மாட்டிக்காத. தெரியாம இருந்தாத்தான் ஜனம் மறுபடி வரும்" என்றார்.

திருநாள் அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கால் வீங்கியிருந்தது, நடந்தே வந்திருக்கிறாள். விரல் நகக்கண்ணில் பச்சை வண்ணம். "எம் புருஷனுக்குத் தெரியாம வந்தேங்க. உங்க படத்தச் செதுக்குனவரே அவருதான்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

உன் மனைவி நல்லவள், வெய்ட். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். குழந்தை உதைத்தது. அதற்காக மனதார வேண்டிக்கொண்டேன், நம்பினால் நம்பு.

பிறகு அவளும் கேட்டாள். "யாருங்க அனுப்புனது?"

சுற்றிலும் பெண்கள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னேன், "அனுப்புனவன் பேரு வெய்ட் ஹேஸ்லின்."

அவள் அழவில்லை. என் கையை வயிற்றிலிருந்து தள்ளவும் இல்லை. "எனக்கு ரெண்டு போச்சுங்க" என்றாள். "பேய வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு நான் கோயில் கோயிலா அலைஞ்சிருக்கேன்."

அவள் முகம் அன்று முழுக்க என் கண்ணில் நின்றது. இப்போது இல்லை.

அப்பொலோனியா


ரீட்பர்க், 1572
புனித மிக்கேல் திருநாள்

மதிப்புக்குரிய அப்பொலோனியா அவர்களுக்கு,

சபினா வீட்டுக்கு வரவே இல்லை. நேராகத் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் எங்கள் செதுக்குக்காரர் சங்கத்தில் சொன்னார். சங்கத்தார் என் அச்சுத்திருகைக்குப் பூட்டுப் போட்டார்கள். என்னைக் கண்டால் ரொட்டிக்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். பத்து வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கியவன், "நீ பேசாம பேரி மரத்தோட முணுமுணுத்துட்டு இருப்ப, நான் கேட்டிருக்கேன்" என்று சாட்சி சொல்லியிருக்கிறான். செதுக்கும்போது பாட்டு முனகுவது என் பழக்கம். வேறு என்ன?

கத்தோலிக்கர்கள் என்னைச் சூனியக்காரன் என்கிறார்கள். லுத்தர்காரர்கள் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள், "மாதா பேர்ல பொய்ப்படம் போட்டு வித்தான்ல, வேணும் இவனுக்கு" என்கிறார்கள். பன்றி மூக்குப் படங்களை என்னிடம் வாங்கிய அதே ஆட்கள்.

விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊருக்கும் ஆள் வருவான், உங்களிடம் சத்தியம் கேட்பான்.

உங்கள் காலில் விழுகிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள். "ஆத்திரத்தில் சொன்னேன், இவன் அனுப்பவில்லை" என்றால் போதும். பதிலுக்கு நான் ஒரு புதுப் படம் செதுக்குகிறேன். நீங்கள் வெயிலில் மயங்கி விழுந்ததை, நடந்தது நடந்தபடி. பேய் இல்லை, தூண் இல்லை. கீழே என் பெயரைப் போட்டு, "நான் பொய் சொன்னேன்" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறேன். ஊர் ஊராக நானே சுமந்து விற்கிறேன். உங்கள் பெயர் பழையபடி சுத்தமாகும்.

பெண் கேட்டபோது எனக்கு உங்கள்மேல் உண்மையிலேயே ஆசை இருந்தது. அதையாவது நினைத்துப் பாருங்கள்.

வெய்ட்


வைடென்பாக், 1572
புனித லூக்கா திருநாள்

வெய்ட்,

உன் நகரத்து ஆள் வந்தான். கோயிலில் புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் கை வைக்கச் சொன்னான், வைத்தேன். "பேய்களை உன்மேல் அனுப்பியது யார்?" என்றான். உன் பெயரைச் சொன்னேன்.

பொய்ச்சத்தியம் என்று நினைக்கிறாயா? அந்த ஏழையும் ஒவ்வொன்றாக உன் கையால் உண்டாக்கினாய். இறக்கை வைத்தாய், வால் வைத்தாய், கூடைக்காரன் முதுகில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினாய். என் வீட்டு மேசைக்கும் வந்தன. அனுப்பியது யார் என்று கேட்டால் நான் வேறு யார் பெயரைச் சொல்வது?

புதுப் படம் போடுகிறேன் என்கிறாயே, யார் வாங்குவார்கள்? ஒரு பெண் வெயிலில் மயங்கி விழுந்தாள், எழுந்தாள், வீட்டுக்குப் போனாள். அதைப் பார்க்க எவனாவது கூடைக்காரனை நிறுத்துவானா? போன வருஷம் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் உன் கையில் முத்தம் கொடுத்திருப்பேன். இப்போது என் பெயர் சுத்தமானால் நான் என்ன? கல்யாணம் முறிந்த விடுதிக்காரன் மகள். சுத்தமாகாமல் இருந்தால் உல்ரிக் எனக்கு முன்னால் தொப்பியைக் கழற்றுகிறான்.

ஆசை இருந்தது என்கிறாய். ஆசைப்பட்டவளை இப்படிச் செய்தாய் என்றால், வெறுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

விசாரணையில் உண்மையைச் சொல். படம் வந்தபோது நானும் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. உனக்கு எப்படி என்று பார்ப்போம்.

அப்பொலோனியா


உல்ம், 1573
மூவரசர் திருநாள் கழிந்து

அப்பொலோனியா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கைக் கட்டைவிரலைத் திருகாணியில் வைத்து நசுக்கிவிட்டார்கள். இனி அதில் உளி நிற்காது.

முதல் நாள் உண்மையைத்தான் சொன்னேன். வெயில், மயக்கம், என் கோபம், எல்லாம். எழுதுகிறவன் பேனாவைத் தொடவே இல்லை. "இது வேண்டாம், நடந்தத சொல்லு" என்றான். இரண்டாவது நாள், ஆமாம் நான்தான் ஏழையும் அனுப்பினேன் என்றேன். உடனே மளமளவென்று எழுதினான்.

அதோடு விடவில்லை. "ஒருத்தன் தனியாப் பண்ற வேலையில்ல இது. கூட யாரு?" என்றார்கள். யார் பெயரையாவது சொன்னால்தான் திருகாணியைத் தளர்த்துவார்கள். அந்த நேரத்தில் என் வாயில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒன்றரை வருஷமாக வேறு யாரை நினைத்திருக்கிறேன்? அப்பொலோனியா என்றேன். பேய்கள் உன் சம்மதத்தோடுதான் வந்தன, நாம் இருவரும் பேசிவைத்துச் செய்தோம் என்றேன்.

பழிவாங்கச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. வலியில் சொன்னேன். ஆனால் சொன்னபிறகு, வலிக்கு நடுவிலும், கொஞ்சம் இனித்தது. மறைக்கவில்லை.

சங்கத்தார் மன்றாடியதால் என்னை எரிக்கவில்லை. ஊரைவிட்டுத் துரத்தினார்கள். திரும்பிக் கால் வைத்தால் கழுத்து. பனி உருகியதும் உன்னைக் கூட்டிப்போக ஆள் அனுப்புவார்கள். இந்தக் கடிதம் முந்துமா, அவர்கள் முந்துவார்களா தெரியாது. முந்தினால் ஓடிவிடு. ஏன் சொல்கிறேன் என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

வெய்ட்


ஊர்ப்பெயர் வேண்டாம், 1573
சாம்பல் புதன்

வெய்ட்,

கடிதம்தான் முந்தியது. நன்றி சொல்ல மாட்டேன்.

முதலில் சாமியாரிடம் போனேன். என் பேரில் வந்த காணிக்கையில் கோயிலுக்குப் புதுக் கூரை போட்ட மனிதர். "அதிகாரிங்க கேட்டா, தீர்த்தம் தெளிச்சேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படம் கிடம் எல்லாம் நான் அறியேன்" என்றார். கதவைப் பாதிதான் திறந்தார்.

பிறகு கோயில் வாசலில் நின்ற பெண்களிடம் சொன்னேன். "பேயுமில்ல ஒண்ணுமில்ல, வெறும் வயித்துல வெயில்ல நின்னேன், விழுந்தேன்." சொல்லி முடிக்கவில்லை, அந்த வலிப்புப் பிள்ளையின் தாய் மகனுடைய காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். "ஐயோ, திரும்பி வந்துருச்சு. இது அவ குரலே இல்ல" என்று கத்தினாள். நான் ஊதிய ரொட்டியைத் தின்றவர்கள் கல்லைக் குனிந்து எடுப்பதைப் பார்த்தேன்.

என் அப்பா அன்று மாலையே வண்டி பூட்டினார். இத்தனை மாதம் கழித்துப் பேசினார். "ஏறு" என்றார். அவ்வளவுதான். விடுதியைப் பூட்டவில்லை. மலை தாண்டி வந்துவிட்டோம். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. வேறு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் படம் ஒருநாள் இங்கேயும் வரும், அதுவும் தெரியும். கூடைக்காரனைக் கண்டால் உள்ளே போய்விடுகிறேன்.

உன் விரலுக்காக வருத்தப்படுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. விசாரணையில் என் பெயரைக் கொடுத்ததற்காக உன்னை மன்னிக்கிறேனா? அதுவும் இல்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு ஊர் போய்விட்டது, ஆளுக்கு ஒரு பிழைப்பு போய்விட்டது. இன்னும் மனம் ஆறவில்லை.

ஒரு செய்தி உனக்கு வந்திருக்காது. உன்னோடு யார் பேசுவார்கள்? நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் உன் மாமனார் நேர்த்திக்கடன் மெழுகுதிரி கொண்டுவந்து மாதாவுக்கு ஏற்றினார். சபினாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுகப்பிரசவம். பெண் குழந்தை. நன்றாக இருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறதாம்.

நான் கை வைத்து வேண்டியதால்தான் பிழைத்தது என்று சபினா நம்புகிறாள். அதனால் ஞானஸ்நானத்தில் அப்பொலோனியா என்று என் பெயரையே வைத்திருக்கிறாள்.

என் பெயரை நானே விட்டுவிட்டேன். உன் மகள் அதைச் சாகும்வரை சுமப்பாள். என்றைக்காவது அவளைத் தூரத்திலிருந்து பார்த்தால், கூப்பிடத் தோன்றினால், வேறு வழியில்லை வெய்ட், என்னைத்தான் கூப்பிட வேண்டும்.